பலகைக்கும் வேர்க்கும் ஊர்

காலை ஏழரைக்கு, வரவுப் பதிவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, விஜயலெட்சுமி களஞ்சிய அறைக்குள் போய்ப் பலகை அடுக்கின் ஓரத்தில் கன்னத்தை வைப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் முத்தம் கொடுப்பதுபோல் இருக்கும். முதலில் வலது கன்னம், பிறகு புறங்கை, கடைசியில் மூக்கு. அடியடுக்கு, நடுவடுக்கு, மேலடுக்கு என்று மூன்று இடத்திலும் இது நடக்கும். "உள்ளங்கை பொய் சொல்லும்ங்க, காய்ச்சுப்போன கை. கன்னத்துக்கு இன்னும் வெவரம் இருக்கு" என்பார். கட்டடத்து மேசன்மார் ஆரம்பத்தில் சிரித்தார்கள். "புருசனுக்குக்கூட இந்த ஒபசாரம் நடந்திருக்காது" என்று ஒருவர் சொன்னார். "அவரு நனைஞ்சா காஞ்சிருவாரு. இது காயாது" என்று பதில் வந்தது.

அப்புத்தளை நகரத்துக்கு மேலே, மலை விளிம்பில், எட்டு அறைகள் கொண்ட உல்லாச விடுதி ஒன்று கட்டுகிறார்கள். சன்னலைத் திறந்தால் தெற்கே சமவெளி முழுவதும் தெரியும் என்கிறது விளம்பரம். தெரியும்தான், வருடத்தில் ஒரு நாற்பது நாள். மற்ற நாட்களில் சன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்ளும். துவைத்துப் போட்ட சேலை மூன்றாம் நாள் காய்ந்தால் நல்ல காலம் பிறந்துவிட்டது என்று பேசிக்கொள்கிற ஊர் இது. இங்கே, மரத்தைச் செதில் செதிலாக்கிப் பசை கலந்து அழுத்திச் செய்த சிப்போர்ட் பலகையால் தரையும் அலமாரியும் போடலாம் என்று கொழும்பில், குளிரூட்டிய அறையில், நாலு பேர் கூடி முடிவு செய்தார்கள். அந்த முடிவு செப்டெம்பர் மாதம் இருநூறு பலகைகளாக லொறியில் வந்து இறங்கியது. அதைக் காக்கும் பொறுப்பு விஜயலெட்சுமியின் தலையில் இறங்கியது.

அவருக்கு வயது நாற்பத்தேழு. பக்கத்துத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை வாட்டும் மேல்மாடியில் பதினேழு வருடம் வேலை பார்த்தவர். ஒரு பிடி கொழுந்தை அள்ளி இறுக்கி விட்டுப் பார்த்தாலே அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது, இன்னும் எத்தனை மணி நேரம் காற்று வேண்டும் என்று சொல்லிவிடுவார். பிறகு தொழிற்சாலையை மூடினார்கள். தேயிலையில் லாபம் இல்லை, தேயிலைச் செடியைப் பின்னால் வைத்துப் படம் எடுக்க வருகிறவர்களிடம்தான் லாபம் என்று எல்லோருக்கும் ஞானம் பிறந்த காலம் அது. பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவர், மூன்று மொழியிலும் லேபல் வாசிப்பார் என்பதால் விடுதிக் கட்டடத்தில் களஞ்சியச் சாவி அவருக்குக் கிடைத்தது. "அங்க தண்ணிய எறக்குற வேல. இங்க தண்ணிய ஏறவிடாம பாக்குற வேல. மத்தபடி அதே பனிதாங்க."

பலகை வந்த அன்றே முதல் சண்டை. லொறிக்காரர்கள் முற்றத்து மண்ணிலேயே அடுக்கி, நீலப் பிளாஸ்டிக்கைச் சுற்றிக் கட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். பொறியியலாளர் கிரிஷாந்தன் அதற்குத் தலையாட்டிவிட்டார். பதுளைக் கடைவீதியில் பெரிய துணிக்கடைக் குடும்பத்துப் பிள்ளை, முப்பது வயது, நல்ல படிப்பு. வேலை எப்படி நடக்கிறது என்பதைவிட வேலை எப்படித் தெரிகிறது என்பதில் அவருக்கு அக்கறை அதிகம். பலகைகள் பச்சை நிறத்தில் இருந்தன. ஒவ்வொன்றிலும் ‘ஈரம் தாங்கும்’ என்று ஆங்கிலத்தில் முத்திரை.

"அக்கா, இது ஈரத்துக்குன்னே செஞ்ச பலகை. வாசிச்சுப் பாருங்க."

"கொடகூட மழைக்குன்னே செஞ்சதுதாங்க சேர். அதுக்காக அத ஆத்துல போட்டு வைக்கிறமா?"

"பச்சைக் கலர்னாலே தண்ணிக்குப் பயமில்லன்னு அர்த்தம், அக்கா."

"பச்சையா இருந்தா தேயிலையா சேர், நனைஞ்சா தளிர் விடுறதுக்கு?"

கிரிஷாந்தனுக்குத் தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. உண்மையிலேயே வந்ததா என்பது தெரியாது. எப்படியோ, அன்று மாலைக்குள் இருநூறு பலகையும் களஞ்சியத்துக்குள் ஏறின. தரையில் பிளாஸ்டிக், அதன்மேல் ஆறு அங்குல உயரத்துக்கு மரக்கட்டைகள், இரண்டடிக்கு ஒரு கட்டை, எல்லாம் ஒரே மட்டம். பலகைகள் சுவரைத் தொடக்கூடாது. மேலே தார்ப்பாய் உண்டு, ஆனால் சுற்றி இறுக்கக் கூடாது. பக்கங்களில் காற்றுப் போகவேண்டும். "இறுக்கிப் பொத்திட்டா உள்ளுக்குள்ளயே வேர்க்கும். வெளிய மழ பேஞ்சு நனையாதது உள்ள வேர்த்து நனையும்" என்பார் விஜயலெட்சுமி. தச்சுவாளால் அறுத்த பலகையின் ஓரம் பச்சைப் புண் மாதிரியாம். அறுத்த அன்றைக்கே அதில் பெயின்ட் பூசாமல் எல்லோரும் பாஸ் என்று மரியாதையாக அழைக்கும் தச்சர் ஹுமைத்தைக்கூட வீட்டுக்குப் போக விடமாட்டார். ஹுமைத் முப்பது வருடத் தச்சர். "எனக்கே புத்தி சொல்ற தங்கச்சி" என்று முணுமுணுத்துக்கொண்டே பூசுவார்.

விஜயலெட்சுமி இருப்பது தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில். தகரத்தில் ஏழு ஓட்டை. அடைமழைக்குச் சுவர் வேர்த்து, மகளின் பாடப் புத்தகங்கள் ஓரம் சுருளும். களஞ்சியத்தைச் சுற்றிப் பார்க்க வந்த யாரோ அடுக்கைப் பார்த்து அசந்துபோய் நின்றபோது அவர் சொன்னது கட்டடம் முழுக்கப் பரவியது: "ஆறு அங்குலம் ஒசரம், மேல தார்ப்பாய், நாலு பக்கமும் காத்து. இந்த வசதி எங்க லயத்துல எங்களுக்கு இல்லீங்க. மறுபொறப்புன்னு ஒன்னு இருந்தா சிப்போர்ட்டாப் பொறக்கணும்."

ஒக்டோபர் தொடக்கத்தில் மூன்று அறைகளுக்குக் கொங்கிரீட் தரை போட்டார்கள். சன்னல் கண்ணாடி இன்னும் பண்டாரவளையிலிருந்து வந்து சேரவில்லை. வந்துகொண்டே இருந்தது. கிரிஷாந்தன் பலகையை விரிக்கலாம் என்றார். விஜயலெட்சுமி ஒரு சோதனை வைத்தார். இரண்டடிச் சதுரத்துக்குக் கண்ணாடிப் பிளாஸ்டிக் வெட்டி எடுத்துப் போய், கொங்கிரீட்டின்மேல் விரித்து, நாலு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டினார். மறுநாள் பார்த்தால் பிளாஸ்டிக்கின் அடியில் முத்து முத்தாக நீர். "மேல காஞ்ச மாதிரி நடிக்குது சேர். இன்னும் ஒரு மாசமாவது போகட்டும். அதுக்குள்ள கண்ணாடியும் வந்துரும்." கிரிஷாந்தன் அந்தத் துளிகளைப் பார்த்தார், தம் கைப்பேசியில் இருந்த வேலை அட்டவணையைப் பார்த்தார். அட்டவணையில் நீர்த்துளிக்கென்று ஒரு கட்டம் இல்லை.

அந்த வாரம் வெலிமடையில் விஜயலெட்சுமியின் அண்ணன் மகளுக்குப் பூப்புச் சடங்கு. அத்தை போகாமல் சடங்கு நடக்காது. இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்து, களஞ்சியத்தைப் பூட்டிவிட்டுப் போனார். மறுசாவி கிரிஷாந்தனிடம் இருந்தது.

அவர் பஸ் ஏறிய அன்று காலையிலேயே கொழும்பிலிருந்து முதலாளி துஷ்யந்தி பேசினார். வங்கிக்காரர்கள் வருகிறார்களாம், வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று நாலைந்து படம் வேண்டுமாம். படத்தில் கொங்கிரீட் அழகாக விழாது. எனவே நாற்பது பலகைகள் களஞ்சியத்தை விட்டு வெளியேறின. "தங்கச்சி வரட்டுமே சேர்" என்று ஹுமைத் ஒருமுறை சொன்னார், சத்தமில்லாமல். பிறகு ஆணி அடித்தார். மூன்று அறைத் தரையும் இரண்டு நாளில் முடிந்தது. கண்ணாடி இல்லாத சன்னல்கள் படத்தில் விழாதபடி கிரிஷாந்தன் சுவரோடு சாய்ந்து நின்று எடுத்தார். வாட்ஸ்அப் குழுவில் பதினொரு இதயங்கள் வந்தன.

சடங்கு வீட்டுப் பலகாரப் பொட்டலத்தோடு திரும்பி வந்த விஜயலெட்சுமி, வாசலில் நின்று அந்தத் தரையைப் பார்த்தார். உள்ளே கால் வைக்கவில்லை. பொட்டலத்தை ஹுமைத்திடம் நீட்டினார்.

"இந்தாங்க பாஸ், சீனி அரியாரம். தரைக்கும் ரெண்டு குடுங்க. அதுவும் வயசுக்கு வரப்போகுது."

பத்து நாள்தான். மூட்டுகளில் பலகையின் ஓரங்கள் எழும்பின. பிறகு நடுப்பகுதி எழும்பியது. நடந்தால் காலுக்கடியில் அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம். முதல் அறைக் கதவு தரையில் முட்டி, பாதியில் நின்றது. "பொங்கல் தை மாசந்தான்னு நெனச்சிருந்தேன். நம்ம தரை ஐப்பசியிலயே பொங்கிருச்சு" என்றார் விஜயலெட்சுமி. மேசன்மார் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு வெள்ளிக்கிழமை வரைதான் நின்றது. அன்று அவருக்கு ஒரு கடிதம் வந்தது. தலைமை அலுவலகத்துக் கடிதத்தாள், அச்சடித்த எழுத்து. களஞ்சியத்தில் பலகைகள் முறைப்படி பாதுகாக்கப்படாமையால் அவற்றில் ஈரம் ஏறித் தரை பழுதடைந்துள்ளதாகப் பொறியியலாளர் அறிக்கை தந்திருக்கிறார், மூன்று நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் பணியிலிருந்து நிறுத்த நேரிடும். அதை ஹுமைத்திடம் சத்தமாக வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது குரல் ஒழுங்காகவே இருந்தது. மடிக்கும்போதுதான் தாள் நேராக மடியவில்லை. மூன்று தரம் மடித்துப் பார்த்தார். மகள் அந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். தொழிற்சாலை மூடிய பிறகு அந்த வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் இந்தச் சாவியால்தான்.

"பதினேழு வருசம் பாஸ். ஒரு நாளு, ஒரு கூடை கொழுந்து என் கையில கெட்டதுன்னு யாரும் சொன்னதில்ல."

ஹுமைத் தலையைக் குனிந்துகொண்டு உளியைத் தீட்டினார். ஏற்கெனவே தீட்டி முடித்த உளி அது.

விளக்கக் கடிதத்தை விஜயலெட்சுமி மறுநாளே கொடுத்தார். மூன்று வரி. ‘பலகைகள் என் களஞ்சியத்தில் இருந்தவரை நேராக இருந்தன. அறைக்குப் போன பிறகு கோணின. இடையில் நடந்ததை, நான் வெலிமடையில் சடங்கு வீட்டில் இருந்தபடியால், பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை.’

கடைசி வரி கொழும்பில் யாரையோ உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை துஷ்யந்தி மேடம் நேரிலேயே வந்து இறங்கினார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதை நம்புகிற நல்ல மனம் அவருக்கு. வழியெல்லாம் காரில் கூடவே வந்து பேசியவர் கிரிஷாந்தன்.

"களஞ்சியத்துல ஈரம் புடிச்சிருக்கு, மேடம். அதான் இப்பிடி."

"அதே களஞ்சியத்துல இன்னும் நூத்தி அறுவது பலக இருக்கு மேடம். ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார் விஜயலெட்சுமி.

போனார்கள். ஹுமைத் நீளமான மட்டக்கட்டையை எடுத்து மேல் பலகையின்மேல் வைத்தார். இடையில் ஒரு தாள்கூட நுழையவில்லை. அடுத்ததிலும் நுழையவில்லை. கிரிஷாந்தன் தொண்டையைச் செருமினார். "அந்த நாற்பது மட்டும் நனைஞ்சிருக்கலாம்."

"எல்லாம் ஒரே அடுக்குலதான் சேர் இருந்துச்சு. மழை வந்து, ‘நீங்க எந்த நாப்பத எடுக்கப்போறீங்க’ன்னு உங்ககிட்டக் கேட்டுட்டு நனைச்சிருக்குமோ?"

துஷ்யந்தி சிரிப்பை அடக்கினார். யாரும் எதிர்பாராமல் ஹுமைத் கடப்பாரையோடு முதல் அறைக்கு நடந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. தாமே அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகக் கிளப்பி, ஒரு பலகையைப் புரட்டிப் போட்டார். மேல்பக்கம் பச்சை. அடிப்பக்கம் கறுத்து, பூஞ்சணம் பூத்து, கைபட்டால் உதிர்ந்தது.

"தண்ணி கீழாலதான் ஏறியிருக்கு, மேடம். அடிச்சது நான்தான். தங்கச்சி அந்த ரெண்டு நாளும் இங்க இல்ல. இருந்திருந்தா அடிக்க விட்டிருக்க மாட்டா."

பலகை எடுத்த இடத்தில், வெறும் கொங்கிரீட்டின்மேல், விஜயலெட்சுமி மறுபடி பிளாஸ்டிக் ஒட்டினார். துஷ்யந்தி பண்டாரவளையில் தங்கிவிட்டு மறுநாள் வந்து குனிந்து பார்த்தார். முத்து முத்தாக நின்றது. விரலால் பிளாஸ்டிக்கைத் தட்டினார். துளிகள் கூடி ஓடின. "கொங்கிரீட் வேர்க்குமா?" என்று குழந்தை மாதிரி கேட்டார். "இந்த ஊர்ல எல்லாத்துக்கும் வேர்க்கும் மேடம், வேல செய்யாதவங்களுக்கு மட்டுந்தான் வேர்க்காது" என்றார் விஜயலெட்சுமி. பிறகு துஷ்யந்தி கிரிஷாந்தனைத் தனியே அழைத்து ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசினார். ஆங்கிலத்தில் திட்டினால் திட்டுப்போலவே இருக்காது. அது கிரிஷாந்தனின் அதிர்ஷ்டம்.

குற்றக் கடிதம் அச்சடித்து வந்தது. அதை மீளப்பெற்ற செய்தி மட்டும் வாய்வார்த்தையாக வந்தது. இரண்டு வாரத்தில் ஒரு சுற்றறிக்கையும் வந்தது: பலகைகளை ஆறு அங்குலம் உயர்த்தி வைக்கவேண்டும், பக்கங்களில் காற்றோட்டம் வேண்டும், அறுத்த ஓரங்களில் பெயின்ட் பூசவேண்டும், சன்னல் அடைத்துத் தரை காயும்வரை பலகை அறைக்குள் போகக்கூடாது, பிளாஸ்டிக் சதுரம் ஒட்டிச் சோதிக்கவேண்டும். கீழே கிரிஷாந்தனின் கையெழுத்து. இதை வாசித்து விளங்கிக்கொண்டேன் என்று ஊழியர்கள் ஒப்பமிட வேண்டுமாம். விஜயலெட்சுமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் நிதானமாக வாசித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க சேர். எங்க படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு ஒப்பமிட்டார்.

இந்தக் கதை இத்தோடு முடிந்திருந்தால் நாகரிகமாக இருந்திருக்கும். ஆனால் வீங்கிய நாற்பது பலகைகள் மிச்சமிருந்தன. எறிய மனமில்லை. துஷ்யந்திக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. கீழே தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாமே! தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. தரை குளிர்ந்த சீமெந்து. பலகை விரித்தால் பிள்ளைகளுக்குக் கதகதப்பு, விடுதிக்கு நல்ல பேர்.

விஜயலெட்சுமியின் மகளும் அந்த மடுவத்தில் தவழ்ந்தவள்தான். அவர் அன்று கிண்டலை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்போல் பேசினார்.

"மேடம், அது புள்ளைங்க தவழுற எடம். எதக் கண்டாலும் வாயில வைக்குங்க. இது பூஞ்சணம் புடிச்ச பலக. நெஞ்சுக்கு ஆகாது மேடம். குடுக்கணும்னா நல்லதுல பத்துக் குடுங்க, நானும் பாஸும் ஞாயித்துக்கெழம போயி அடிச்சுத் தாறோம்."

"நல்லது எட்டு அறைக்கும் அளந்து வந்தது, விஜயலெட்சுமி. இதை நல்லாக் காய வெச்சா சரியாயிடும்தானே?"

"வீங்குன பலக காஞ்சா, அது காஞ்ச வீங்குன பலக மேடம்."

துஷ்யந்தி இதற்கும் சிரித்தார். கெட்டிக்காரி என்று கன்னத்தைத் தட்டாத குறை. அன்பளிப்புக்கு நாள் குறித்தாயிற்று. மூன்று நாள் வெயிலில் காய்ந்த பலகைகளின் மேல்பக்கத்தைத் துடைத்து, வெள்ளை வர்ணம் பூசச் சொன்னார் கிரிஷாந்தன். மேல்பக்கத்துக்கு மட்டும்.

அந்தப் பலகைகள் மடுவத்துத் தரையைத் தொடவே இல்லை. டிசெம்பரில் மடுவத்துக்குப் போனது நேரான, பச்சை மாறாத பத்துப் பலகை. ஓரங்களில் பெயின்ட் பூசி, அடியில் பிளாஸ்டிக் விரித்து, ஹுமைத் அடித்தார். அந்தப் பத்தும் போனதால் விடுதியின் எட்டாம் அறைக்கு இன்னும் அலமாரி இல்லை. இந்த மாற்றத்துக்குக் காரணம் தாமே என்று துஷ்யந்தி ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். விஜயலெட்சுமி அதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இப்போதும் ஏழரைக்கு வந்து கன்னத்தை வைத்துப் பார்க்கிறார். ஆனால் அன்பளிப்பு நாளன்று காலை அந்த முற்றத்தில் நின்ற யாரைக் கேட்டாலும் உண்மையில் நடந்ததைச் சொல்வார்கள்.

கொழுந்துக்குப் போகிற பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள், இடுப்பில் பிள்ளைகள். தோட்டத்தை நடத்தும் துரை வந்திருந்தார். கொழும்பிலிருந்து படம்பிடிப்பவர் வந்திருந்தார். பாதியாய் அறுத்த ஒரு பலகையில் சிவப்பு நாடா கட்டி, வெள்ளை பூசிய பக்கத்தை முன்னால் காட்டி, நடுவில் துஷ்யந்தியும் கிரிஷாந்தனும் நாடாவில் கைவைத்து நின்றார்கள். பாரம் தாங்க இரண்டு முனையிலும் ஆள் வேண்டும். ஒரு முனையில் ஹுமைத், மறுமுனையில் விஜயலெட்சுமி. "எல்லாரும் சிரிங்க" என்றார் படம்பிடிப்பவர். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். விஜயலெட்சுமி பலகைக்கு மேலாக ஹுமைத்தைப் பார்த்தார். ஹுமைத் பிடியைத் தளர்த்தி, மணிக்கட்டைத் திருப்பினார். மூன்று என்பதற்குள் பலகை ஒரே புரட்டில் திரும்பி, வெள்ளைப் பக்கம் பின்னால் போய், கறுத்துப் பூஞ்சணம் பூத்த அடிப்பக்கம் கமராவுக்கும் கூடைக்காரிகளுக்கும் நேராக நின்றது. விஜயலெட்சுமி தம் முனையை நெஞ்சுயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சொன்னபடியே சிரித்தார்.